சூமோ மல்யுத்தமும் ஷிந்தோ கோயிலும்



தோ பாயோவிலிருந்து தாம்சன் ரோட்டைத் தாண்டினால் மெக்ரிட்சி நீர்த்தேக்கம். அதன் மேற்குக் காட்டுக்குள் கருங்கல் தண்ணீர்த் தொட்டி ஒன்று இன்றும் கிடக்கிறது. ஜப்பானியர் 1942-இல் போர்க்கைதிகளை வைத்துக் கட்டத் தொடங்கிய 'சியோனான் ஜின்ஜா' என்னும் ஷிந்தோ கோயிலின் தொட்டி அது. கும்பிட வருகிறவர்கள் கையும் வாயும் கழுவுவதற்கு வைத்தது. 1945-இல் தோற்றதும் அவர்களே கோயிலை அழித்துவிட்டார்கள்.

சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட தோட்டத் தமிழர் குடும்பங்களுக்கு ஜப்பான்காரன் சாமி என்றாலே கசக்கும். நியாயந்தான். ஆனால் ஷிந்தோ பட்டாளத்துக்காகப் பிறந்த மதமல்ல. மலை, மரம், வயல் எங்கும் தெய்வம் உண்டென்று நம்பிய மக்களின் பழைய வழிபாடு. நம்ம கிராமத்துக் காவல் தெய்வங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சூமோவும் அந்த வழிபாட்டோடு வளர்ந்ததுதான்.

கி.பி. 720-இல் முடிந்த 'நிஹோன் ஷோகி' நூலில், நோமி நோ சுகுனே என்பவர் தைமா நோ கெஹாயா என்ற பலசாலியை அரசர் முன்னிலையில் உதைத்து, விலா எலும்பை முறித்துக் கொன்ற கதை இருக்கிறது. நம்ம புறநானூற்றிலும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறாரே!

அப்புறம் விளைச்சல் வேண்டிக் கோயில்களில் சூமோ நடந்தது. ஓமிஷிமா தீவின் ஒயாமாசுமி கோயிலில் ஒரு வேடிக்கை பாருங்க. மேடையில் ஒரே ஒரு மல்லன். கண்ணுக்குத் தெரியாத சாமியோடு மூன்று தடவை கட்டிப் புரளுவான். இரண்டு தடவை சாமிதான் ஜெயிக்கும். சாமி ஜெயித்தால் நெல் நல்லா விளையுமாம். தோற்பதற்கென்றே ஒரு மல்லன்!

பிற்காலத்தில் கோயில் திருப்பணிக்குப் பணம் திரட்டவும் பந்தயம் வைத்தார்கள். தொழில்முறை சூமோ அதிலிருந்து வளர்ந்ததே.

இன்றும் களிமண் மேடையில் 4.55 மீட்டர் வட்டம். மேலே கோயில் மாதிரிக் கூரை. போட்டி தொடங்குமுன் மேடை நடுவில் குழி தோண்டி அரிசி, உப்பு, காய்ந்த கணவாய், கடற்பாசி எல்லாம் புதைத்துப் பூசை போடுகிறார்கள். மல்லர் உப்பை அள்ளி வீசுவது தீட்டுக் கழிக்க.

தீட்டு என்றதும் நம்ம தாய்மார்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். அந்த மேடையில் பெண்கள் ஏறக்கூடாது. 2018 ஏப்ரலில் மைசுரு நகர மேயர் மேடையிலேயே மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஓடி ஏறிய பெண்களை ஒலிபெருக்கியில் இறங்கச் சொன்னார்கள்! உயிர் போகிற நேரத்தில் இதென்ன சாஸ்திரம்? சூமோ சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். தடை மட்டும் இன்னும் நீங்கவில்லை.