தேசிமாணிக்கப்பட்டணத்தில் வாடகைக்கு

தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு முதல் தடவை போனபோது, சிவன் கோயில் என்று நினைத்து நெற்றி நிறைய விபூதியோடு போய் நின்றேன். உள்ளே ஸ்ரீதேவி பூதேவியோடு பெருமாள்! (அர்ச்சகர் சிரித்துக்கொண்டே துளசி கொடுத்தார்.) அதைவிட ஆச்சரியம், கல்லில் இருந்த தமிழ் எழுத்து.

போசளர் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் இந்த ஊர் தொம்பலூர். இன்னொரு பெயர் தேசிமாணிக்கப்பட்டணம். பட்டணம் என்றால் அன்றைக்கு வணிக ஊர். தேசி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஊர் ஊராகப் போன வணிகக் குழுக்கள்தான். அப்படிப்பட்ட ஐந்நூற்றுவர் சுமத்ராவின் பாரூஸில் 1088-லேயே தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள். ஆக உலகமயம் என்பது நம் ஊருக்குப் புதுசு ஒன்றும் இல்லை.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்து, செயற்கைக்கோள் வழியாக மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது. 1991 ஜூலையில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். பிற்பாடு பி.காம். படிக்கும்போதுதான் அதன் சூடு புரிந்தது. நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்தால் இன்றைக்கும் அந்த ஞாபகம் வரும்.

அதன் பிறகு கதவு திறந்தது. தொம்மலூர் பக்கத்தில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் எழுந்தது. 2019-ல் இந்தியாவின் முதல் ரீட் பங்குச்சந்தைக்கு வந்தபோது, இந்த வளாகத்தில் பாதிப் பங்கும் அதில் இருந்தது. அதாவது இங்கே கட்டும் வாடகையில் ஒரு பகுதி, எங்கேயோ இருக்கும் முதலீட்டாளரின் கணக்குக்குப் போகிறது.

எங்கள் மாடியில் வீட்டு வேலை செய்யும் அக்கா திருவண்ணாமலைப் பக்கம். புருஷன் கொத்தனார். மகள் பி.காம். முடித்து, அதே மாதிரி ஒரு வளாகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அம்மா ஒரு வருஷத்தில் வாங்குவதை இரண்டு மாசத்தில் வாங்குகிறாள். இதை வளர்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் அந்த ஆபீஸ் ஆட்கள் கொடுக்கும் வாடகையைப் பார்த்து இவர்கள் வீட்டுக்காரரும் ஏற்றினார். குடும்பம் கே.ஆர்.புரம் தாண்டிப் போய்விட்டது. 2023 அக்டோபரில் அந்தப் பக்கம் மெட்ரோ இணைந்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

போன வருஷம் வீட்டுக்கடனுக்கு என்னிடமே வந்தாள். சம்பளச் சீட்டு சுத்தம். மனை பி கட்டா. எங்கள் விதிப்படி கொடுக்க முடியாது. நிராகரித்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

சென்ற மாதம் கோயிலில் பார்த்தோம். கல்லைக் காட்டி, "என்ன அங்கிள் எழுதியிருக்கு?" என்றாள்.

"நிலம் கொடுத்தது, வரி விட்டது, அந்த மாதிரி விஷயம்தாம்மா."

"அதுல பி கட்டா இல்லையே?" என்று கேட்டுவிட்டு, பிரகாரம் சுற்றப் போய்விட்டாள்.