புறம்போக்கு

திருவான்மியூர் சிக்னலில் ஆட்டோக்காரரும் பைக்காரரும் உரசிக்கொண்டால் கட்டாயம் காதில் விழுகிற ஒரு வார்த்தை உண்டு. 'போடா புறம்போக்கு!' திட்டுபவருக்கும் தெரியாது, திட்டு வாங்குபவருக்கும் தெரியாது, அது ஒரு காலத்தில் ரொம்ப கௌரவமான வார்த்தை என்று.

புறம் என்றால் வெளியே. வரிக் கணக்குக்கு வெளியே ஒதுக்கிய நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை, சுடுகாடு, களம்... ஊர் பிழைப்பதற்கு எது எது வேண்டுமோ அதையெல்லாம், 'இதில் யாரும் உழக்கூடாது, இதற்கு யாரும் வரி கட்டவும் வேண்டாம்' என்று தனியே வைத்தார்கள். பயனில்லாத நிலம் என்று இதற்கு அர்த்தமே கிடையாது. கஜானாவுக்குக் காசு வராத நிலம், அவ்வளவுதான். கஜானா பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதுதான் வம்பு!

1763-ல் ஆற்காடு நவாப் முகமது அலி, பட்ட கடனுக்காக செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனிக்கு உடனே ஒரு கவலை: வந்த சொத்தில் என்ன இருக்கிறது? தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினீயரை அனுப்பி, 1767-லிருந்து 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்குகளைப் பிற்பாடு தேடி எடுத்து ஊருக்குச் சொன்னவர் தரம்பால். படித்தால் அசந்து போவீர்கள். களத்தில் நெல்லைக் குவித்ததும், ராஜா பங்கு, குடியானவன் பங்கு என்று பிரிப்பதற்கு முன்னாலேயே கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, வெட்டியானுக்கு என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அதில் ஏரிக்கும் பங்கு உண்டு! தூர் வார, கரை பலப்படுத்த. ஏரிக்காகப் போய் யாரிடமும் மனு கொடுத்து நிற்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம் 'மிராசு' என்கிற உரிமை. இதைத் தோண்டித் துருவி எழுதிய வெள்ளைக்காரர் எல்லீஸ். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறு வெட்டி, ராயப்பேட்டை கோயில் கல்வெட்டில் திருக்குறளையும் பொறித்து வைத்தாரே, அதே ஆசாமிதான். ஊர் நிலம் முழுவதும் பங்காளிகளுக்குப் பொது என்கிறார் அவர். 'பசுங்கரை' ஊர்களில் சில வருஷத்துக்கு ஒருமுறை வயலை மாற்றிப் பிரித்துக் கொள்வார்கள். ஏரிப் பக்கத்து வயல் இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு. எல்லா வயலும் என்றாவது ஒருநாள் நம்முடையதாகலாம் என்றால், மதகை யார் உடைப்பான்?

ஆஹா, பொற்காலம் என்று கை தட்டாதீர்கள். அந்தப் பங்காளிகள் யார்? பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்கள் பறையர்கள். அவர்களுக்குப் பங்கு கிடையாது. பலருக்குக் குடியிருந்த மனையே சொந்தமில்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இதைப் பக்கம் பக்கமாக எழுதினார். சும்மா கிடக்கும் தரிசைக் கேட்டு ஒரு பறையர் விண்ணப்பம் போட்டால், 'முதல் உரிமை எங்களுக்கு' என்று மிராசுதார் குறுக்கே வந்து நிற்பார். 'ஊர்க் கட்டுப்பாடு' என்பதற்கு இந்த முகமும் உண்டு. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-ல் வந்ததுதான் பஞ்சமி நிலம்: 12 லட்சம் ஏக்கர், வேறு சாதியாருக்குக் கைமாறக்கூடாது என்ற நிபந்தனையோடு. அது எத்தனை பேர் கைக்கு மாறிப் போனது என்பது தனிக்கதை.

இதற்கிடையே ஏரியின் கதை வேறு பக்கம் போய்விட்டது. கம்பெனி வரியை ஏற்றி, களத்துப் பங்குகளைக் கத்தரித்தது. பிறகு, 'ஜனங்கள் மராமத்துக்கு வருவதில்லையே' என்று ஆச்சரியப்பட்டது! 1858-ல் சட்டமே போட்டார்கள்: வழக்கப்படி குடிமராமத்து வேலைக்கு வராவிட்டால் அபராதம். பங்கைப் பிடுங்கிக்கொண்டு வேலையை மட்டும் கேட்டால் எவன் வருவான்? பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்குப் போயின. ஊருக்கு ஏரி அந்நியமாயிற்று. 2017-ல் தமிழக அரசு 'குடிமராமத்து' என்ற பெயரைத் தூசு தட்டி எடுத்துத் திட்டம் போட்டது. பெயர் திரும்பி வந்துவிட்டது. களத்து நெல்லில் ஏரிக்கு என்று எடுத்து வைத்த பங்கு?

1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கர், 'பொது நிலம் என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள். ஒன்று தனியாருக்குக் கொடு, இல்லையேல் அரசாங்கம் எடுத்துக்கொள்' என்று எழுதிப் புகழ் பெற்றார். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் நேபாளத்து வாய்க்கால், ஸ்விட்சர்லாந்து மேய்ச்சல் நிலம் என்று ஆராய்ந்து, 'மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதய்யா, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காவலும் காப்பார்கள்' என்று காட்டினார். 2009-ல் நோபல் பரிசு. உத்திரமேரூரில் ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்க விதி வகுத்தது 10-ஆம் நூற்றாண்டில். (அங்கேயும் சொந்த நிலம் இருந்தால்தான் ஓலையில் பெயர்!)

இனி திருவான்மியூருக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். பள்ளிக்கரணை. மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளமெல்லாம் வந்து இளைப்பாறும் கழுவேலி. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மாடு மேய்த்து, மீன் பிடித்த இடம். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் என்பார்கள். அரசாங்கப் பதிவேட்டில் இதன் பெயர் தரிசு. தரிசு என்று எழுதியாகிவிட்டதல்லவா? பெருங்குடி பக்கம் மாநகராட்சிக் குப்பை வந்தது, ரயில் நிலையம் வந்தது, அரசு நிறுவனங்கள் வந்தன, பின்னாலேயே ஐ.டி. கட்டடங்கள். இங்கே உரிமையாளர் இல்லாமலா போயிற்று? அரசாங்கமே முதலாளி! 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது, வேளச்சேரியில் ஜனங்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது.

ஆர்வலர்கள் வருஷக்கணக்காகப் போராடியதில், 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சுமார் 1,248 ஹெக்டேர் இடம் பிடித்தது. நல்ல விஷயம்தான். பூநாரைகள் வருகின்றன, வேலி இருக்கிறது, வனத்துறைக் காவல் இருக்கிறது. பல வருஷம் லாரி லாரியாகக் குப்பை கொட்டியபோது அந்த ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது காப்புக்காட்டு எல்லைக்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு போக அவர்கள்தான் அனுமதி கேட்க வேண்டும்.