கிரிவலப் பாதையின் தீர்த்தங்கள்

திருவண்ணாமலையில் அருணாசல மலையை வலமாகச் சுற்றிவரும், ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள பாதையை ஒட்டிய குளங்களும் சுனைகளும். மரபுக் கணக்கில் இவை 360. இன்று நீர் நிற்பவை மிகச் சில. பூந்தமல்லி, சென்னீர்குப்பம் பக்கத்தார் பௌர்ணமிக்கு ஆர்க்காடு, ஆரணி, போளூர் வழியாகப் பேருந்தேறி வந்து நடக்கும் வழி இது. இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டையும் விடாமல் எண்ணிக் கும்பிடுகிறவர்கள், பக்கத்தில் படிக்கட்டோடு கிடக்கும் குளத்தை எட்டிப் பார்ப்பது அரிது. பாதை பிழைத்ததோ குளங்களால்தான்.

மலை 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கடும்பாறை. வற்றாத ஆறு எதுவும் ஊரைத் தொட்டு ஓடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பாறையில் விழுந்த வேகத்தில் வழிந்துவிடும். அடிவாரத்தில் மடக்கிப் பிடிக்காவிட்டால் சித்திரைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் ஓடை இறங்கும் இடம் பார்த்துக் கருங்கல் படி கட்டிக் குளம் அமைத்தார்கள். வெறுங்காலோடு மலை சுற்றியவர்களுக்குக் குடிக்கவும் குளிக்கவும் நீர், அருகே சாய்ந்து உட்கார ஒரு மண்டபம். அக்னி தீர்த்தமும் எம தீர்த்தமும் அந்தந்த லிங்கத்தின் பெயரையே தாங்கியவை. தென்புறத்தில் உள்ள சிம்ம தீர்த்தம் தனி அழகு: சிங்கத்தின் திறந்த வாய்தான் வாசல், அதற்குள் புகுந்துதான் படியிறங்க வேண்டும்.

அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிய தலம் என்றாலும், பெரிய அளவில் நீர்ப்பணி செய்தவர்களில் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் முக்கியமானவர். 1516ஆம் ஆண்டையொட்டி அவர் அண்ணாமலையார் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்தையும் ராஜகோபுரத்தையும் தொடங்கியபோது, திருமலைதேவி அம்மன் சமுத்திரம் என்று தம் அரசி பெயரில் ஒரு நீர்நிலையும் அமைத்தார். 217 அடிக் கோபுரத்தைப் படம் எடுக்காதவர் இல்லை; சமுத்திரத்தின் பெயரைக் கேட்டால் உள்ளூரிலேயே விழிப்பார்கள்.

பிற்காலத்தில் இந்த நீர்நிலைகளோடு நெருங்கி வாழ்ந்தவர் ரமணர். 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதுச் சிறுவனாக வந்து இறங்கியதும், கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தையும் மிச்சக் காசையும் அய்யங்குளத்தில் எறிந்தார். மொட்டையடித்த பின் குளிக்கவில்லை. கோயில் வாசலில் பெய்த மழையே நனைத்தது என்று வரலாறு சொல்கிறது. பிறகு மலைமேல் விருபாட்ச குகையில் இருந்த ஆண்டுகளில், கோடையில் தண்ணீர் இல்லாமல் முலைப்பால் தீர்த்தத்துக்கு அருகிலுள்ள மாமரக் குகைக்கு இறங்கிவிடுவார். 1916இல் கந்தாசிரமத்துக்கு மாறியதற்கும் அங்கிருந்த ஊற்று ஒரு காரணம். 1922இல் அடிவாரத்துக்கு வந்து ஆசிரமம் அமைந்த இடத்தை ஒட்டியும் பாலி தீர்த்தம் இருந்தது. ஞானிக்கும் தண்ணீர் வேண்டுமே! கூட்டம் பெருகப் பெருக, 1926க்குப் பின் அவர் மலை சுற்றுவதை நிறுத்திக்கொண்டார்.

பௌர்ணமிக் கூட்டம் இன்றைய அளவுக்குப் பெருகியது 1990களில்தான். கால்வலி மறக்க ஊர்க்கதை பேசி நடந்த பாதையில் கடைகளும் மின்விளக்குகளும் நிறைந்தன. குழாயும் புட்டித் தண்ணீரும் வந்த பின் குளங்களைத் தேட ஆளில்லை. தூர் சேர்ந்தது, வரத்துக் கால்வாயில் வீடுகள் எழுந்தன. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் சரிவுகளில் மரம் நட்டதும், கோடைத் தீயைப் போராடி அணைத்ததும் மலைநீரைச் சற்றாவது நிறுத்தி வைக்கும் முயற்சி. 2015இல் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டது. அதே மலைநீர் அழிவாகவும் இறங்கியது: 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து அடிவார வீட்டின் மேல் விழுந்து 7 பேர் இறந்தனர்.

நீருக்காக ஊரை விட்டுப் புறப்படும் வழக்கம் அண்ணாமலையாருக்கும் உண்டு. தை 5ஆம் நாள் மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக்கும், ரதசப்தமியன்று கலசப்பாக்கம் செய்யாற்றுக்கும் அவர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார்.