குரலுக்கு யார் வாரிசு?

பெரியகுளத்திலிருந்து தேனி, கம்பம், கூடலூர் தாண்டிப் போனால் லோயர் கேம்ப். 2024 ஜனவரியில் பவதாரிணியை அங்கேதான், தாய் ஜீவாவின் சமாதிக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். ஐந்து மாதத்தில், 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் அவர் குரல் கேட்டது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய குரல். இசை, தம்பி யுவன்.

கேட்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி. தம்பியின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆண்டு 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை மீட்டபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். நேர்மையான வழிதான். என்றாலும் 'குடும்பத்தின் அனுமதி' என்ற சொல்லைக் கேட்டால் பெண்களுக்குக் கொஞ்சம் உறுத்தத்தானே செய்யும்?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை இருந்தது, பாடியவருக்கு இல்லை. 1994 திருத்தம்தான் நிகழ்த்துநர் உரிமையைக் கொண்டுவந்தது. 2012இல் அது விரிவடைந்தது. அதுவும் பாடிய பாட்டுக்குத்தான். பாடாத பாட்டை அதே குரலில் இயந்திரம் பாடினால்? 2025இல் ஆஷா போஸ்லே பம்பாய் உயர் நீதிமன்றம் போய், தன் குரலைப் போலிசெய்யத் தடை வாங்கினார். ஊரறிந்த குரல், வாங்க முடிந்தது.

என் அம்மாச்சியின் குரல் தென்கரையைத் தாண்டி யாருக்கும் தெரியாது. எண்பதுகளில் நாட்டுப்பாடல் சேகரிக்க ஒருவர் டேப் ரிக்கார்டரோடு வந்தார். ஒப்பாரி பாடச் சொன்னார். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்று அம்மாச்சி மறுத்துவிட்டாள். பிறகு அவரை வராகநதிக் கரைக்கு வரச்சொல்லி, பொழுது சாயுமுன் நான்கு பாட்டு பாடினாள். ஐந்தாவதுக்கு, "போதும்யா" என்று எழுந்துவிட்டாளாம். பின்னால் வந்த புத்தகத்தில் சேகரித்தவர் பெயர் அட்டையில். அம்மாச்சி, பெயரில்லாத 'தகவலாளி'. அன்றைய சட்டப்படியும் அவளுக்கு எதுவும் கிடையாது.

அந்தக் கேசட்டின் பிரதி எங்கள் பீரோவில் இருக்கிறது. இன்று ஒரு குரலைப் போலிசெய்ய ஒரு சில நிமிடப் பதிவே போதும். அம்மாச்சி எங்கே பாடலாம், எத்தனை பாடலாம், எப்போது எழுந்திருக்கலாம் என்பதெல்லாம் அவள் வைத்த நிபந்தனைகள். இயந்திரத்துக்குப் போகும் பதிவில் பாட்டு மட்டும்தான் இருக்கும்.

போன பொங்கலுக்கு வந்த அண்ணன் மகன், "அத்தே, ஏத்தி விடட்டுமா? பூட்டி புதுப் பாட்டே பாடும்" என்றான். பீரோச் சாவியை நான் இன்னும் கொடுக்கவில்லை.