பூதங்கள் கட்டிய குளங்கள்

வன்னிக் காட்டினூடு முன்னாளிற் பயணம் செய்தோருக்குப் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து வளர்ந்த நீண்ட மண்மேடு ஒன்று எதிர்பாராத இடத்தில் குறுக்கிடுவதுண்டு. ஏறி நின்று இருபுறமும் நோக்கிய பின்னரே, அது இயற்கை மேடன்று, பாழடைந்த குளமொன்றின் கட்டு என்பது புலனாகும். அக்கட்டைப் போட்டவர் யாரென்று எவருக்கும் தெரியாது. செய்தவர் பெயர் மறைந்துபோன பெருஞ்செயலுக்கு மக்கள் மனம் தானே ஒரு கருத்தாவைப் படைத்துக்கொள்ளும். கிழக்கே கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களை ஏவிக் கட்டுவித்தான் என்பது கதை. மேற்கே மன்னார்ப் பகுதியிலுள்ள கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலேயர் இராட்சதன் குளம் என்று பொருள்படும் பெயராலேயே வழங்கினர். இடையில், முல்லைத்தீவுப் பகுதியிலே, பூதன்வயல் என்னும் பெயருடன் ஓர் ஊரே உண்டு.

பூதக் கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அதனை அளந்து பார்ப்பதே பயனுடையது.

இவ்வகை அளவீட்டுக்கு அமெரிக்காவில் ஒரு முன்மாதிரி உண்டு. அந்நாட்டாரின் பூதங்கள் சித்திரக்கதை ஏடுகளில் வாழ்பவை. 1938இல் முதன்முதல் தோன்றிய சூப்பர்மேன், தொடக்கத்தில் பறப்பவனாக இருக்கவில்லை. மைலில் எட்டிலொரு பங்கு, அதாவது 660 அடி, தாவுபவனாகவே இருந்தான். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஜேம்ஸ் காகாலியோஸ், அந்தத் தாவலை நேர் உயரமாகக் கொண்டால் புறப்படும் வேகம் என்னவென்று மாணவரைக் கணிக்கச் செய்தார். விநாடிக்கு ஏறக்குறைய 200 அடி என்பது விடை. இத்தகைய வினாக்களைக் கொண்டே 2001இல் ஒரு பாடநெறியை அவர் தொடங்கினார். 2005இல் அது நூலாகவும் வெளிவந்தது. கப்பியையும் சாய்தளத்தையும் கண்டு கொட்டாவி விடும் மாணவன், வீரனுடைய பாய்ச்சலைக் கணிக்க முற்படும்போது நிமிர்ந்து உட்காருகிறான். வீரன் பொய், அவன்மீது செலுத்தப்படும் விதி மெய்.

அதே விதிகளின் முன்னே வன்னிப் பூதத்தையும் நிறுத்தலாம். மனிதனைப் போலவே உருவமைந்து, பத்து மடங்கு உயரமுள்ள பூதம் என்று வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் தடிப்பும் பத்துப் பத்து மடங்காவதால் அதன் பாரம் ஆயிரம் மடங்காகும். அப்பாரத்தைத் தாங்கும் கால் எலும்பின் குறுக்குவெட்டோ நூறு மடங்குதான். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் பத்து மடங்கு சுமையை ஏற்க வேண்டும். ஒன்பது பேரைத் தோளிற் சுமந்துகொண்டே வாழ்நாள் முழுதும் நடக்கும் மனிதனின் நிலை அது. மண்கூடையைத் தூக்குமுன்பே பூதத்தின் கால் முறிந்துவிடும். இவ்வுண்மையை 1638இல் லெய்டன் நகரில் அச்சான தம் நூலிலே கலிலியோ எடுத்துரைத்தார். இராட்சதனுக்கு வேண்டிய எலும்பு எவ்வளவு பருத்திருக்கும் என்று படமும் வரைந்து காட்டினார். கோயிற் கொடுங்கையின்கீழ்ப் பூதவரி செதுக்கிய நம் சிற்பிகள் பூதங்களைக் குறுகிய தடித்த கால்களுடன் அமைத்தது இக்கணக்கை அறிந்தா, நகைச்சுவைக்காகவா என்பதைச் சிற்பநூல் வல்லாரே சொல்ல வேண்டும்.

பூதம் முறிந்து விழுந்த அதே கணக்கில் குளக்கட்டு நிமிர்ந்து நிற்பதுதான் வியப்பு.

பரந்து கிடக்கும் நீர் முழுவதும் கட்டைத் தள்ளுவதாகவே பார்ப்போருக்குத் தோன்றும். அப்படியாயின் பூதபலம் வேண்டியதுதான். ஆனால் நீரின் அமுக்கம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றிப் பரப்பைப் பொறுத்ததன்று. கடலுக்கு அணைபோட்டு வாழ்ந்த ஒல்லாந்த நாட்டவரான சைமன் ஸ்டெவின் 1586இலேயே இதை எழுதிவைத்தார். கிளிநொச்சியின் உயிர்நாடியான இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டுப் பின்னர்ப் பலமுறை உயர்த்தப்பட்ட அக்குளத்தின் முழு நீர்மட்டம் இன்று 36 அடி. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியிலும் நீர் அமுக்கும் விசை ஏறத்தாழ ஒரு தொன். அடி முதல் நீர்மட்டம் வரை சேர்த்துக் கணித்தால், கட்டின் ஓரடி நீளத்துக்குப் பதினெட்டுத் தொன் தள்ளுவிசை வரும். நீர்ப்பரப்பு நாலு மைல் விரிந்தாலும் நாற்பது முழமாகச் சுருங்கினாலும் இந்த எண் மாறாது.

ஓரடி உயரத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு அடி சரியும்படி போட்ட மண்கட்டின் பாரம், அதனைத் தள்ளும் நீரின் விசையைவிட ஆறு மடங்குக்கு மேற்பட்டது. நீரின் ஆழம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அதே சரிவுடன் உயர்த்திய கட்டின் பாரமும் நான்கு மடங்காகும். இரண்டும் ஒருங்கே வளர்கின்றன. பூதத்தின் உடல் இந்தச் சலுகையைப் பெறவில்லை. கட்டின் நீளத்தைக் கூட்டினாலோ கூலி கூடுமேயன்றி ஆபத்துக் கூடாது. எனவே மைற்கணக்கில் நீண்ட கட்டுக்கும் வேண்டியவை மண்வெட்டி, கூடை, மிதித்து இறுக்கும் கால்கள், பல வறட்சிக் காலங்கள் ஆகியவையே.

கடினமான இடம் துருசு. 36 அடி ஆழத்தில் திறந்த வாயினூடு நீர் விநாடிக்கு 48 அடி வேகத்தில் பீறிடும். 1644இல் டொரிசெல்லி வெளியிட்ட விதி இது. சூப்பர்மேனின் பாய்ச்சலைக் கணித்த அதே சூத்திரம், உயரம் மட்டுமே வேறு. இவ்வேகம் மண்ணை அரித்துக் கட்டையே கொண்டுபோய்விடும். இதற்குப் பழைய கட்டுநர் கண்ட உபாயம், கட்டினுள்ளே பொளிகல்லால் அமைத்த சதுரக் கிணறு. குளத்து நீர் அதில் விழுந்து, வேகம் தணிந்து, மறுபுறக் கால்வாயால் அமைதியாக வெளியேறும். சிங்களத்தில் இதனைப் பிசோகொட்டுவ என்பர். இலங்கையில் நீர்ப்பாசன எந்திரியாகப் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட நூலில் வவுனிக்குளத்தையும் பாவற்குளத்தையும் விரிவாக ஆராய்ந்ததோடு, இக்கிணறுகளை இக்கால வால்வுக் கோபுரங்களுக்கு ஈராயிரம் ஆண்டு முற்பட்ட மூதாதைகளாகக் கண்டு வியந்தார்.

இவ்வளவு உறுதியான கட்டுகள் பின்னர் ஏன் பாழாயின? மண்கட்டைக் கொல்வது பெரும்பாலும் நீரின் தள்ளுவிசையன்று. எலி வளையும் உடும்புப் பொந்தும் உக்கிப்போன மரவேரின் துவாரமும்தான். விரலளவு கசிவு மண்துகளை ஒவ்வொன்றாக வெளியேற்றி, ஓர் இரவில் வாய் பிளந்துவிடும். ஆகவே கட்டுக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். போரும் காய்ச்சலும் வன்னியில் மக்கள்தொகையைக் குறைத்தபோது அந்த ஆட்கள் இல்லாமற் போயினர். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் எழுதிய கைந்நூல் அக்கால நிலையைக் காட்டும். 1832இல் இராசகாரியக் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது நீதியான செயலே. எனினும் அதனோடு ஊரார் கூடிக் கட்டுத் திருத்தும் முறையும் தீவெங்கும் தளர்ந்தது. பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலுவூட்ட 1856இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. வவுனிக்குளம் திருத்தப்பட்டுக் குடியேற்றம் கண்டது அதற்கும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே. பாழ்பட்ட கட்டைத் திருத்துவோருக்கு முதல் வேலை, மேலே நிற்கும் மரங்களைத் தறித்து, வேர்களைக் கிளறி எடுத்து, குழிகளிற் புதுமண் இட்டு இறுக்குவது.

பூதங்கள் கட்டியதாகச் சொல்லப்படும் கந்தளாய்க் கட்டு, 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில் உடைந்தது. உறக்கத்திலிருந்த ஊர்களில் வெள்ளம் புகுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடைந்த கட்டு பின்னர் மீளக் கட்டப்பட்டது. கந்தளாய் வயல்கள் அந்நீரைக் கொண்டே இன்றும் விளைகின்றன.