சோப்பு டப்பா வயர்லெஸ்ஸும் பேரனின் போனும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. அது உங்களில் ஒருவனுக்கு.

விடுமுறைக்குப் பேரன் கோயம்புத்தூரிலிருந்து வத்தலக்குண்டு வந்திருந்தான். அவன் அப்பா கொடுத்த பழைய போன் ஒன்று கையில். ஆனால் அது போன் மாதிரியே இல்லை. கறுப்புத் திரையில் ஆரஞ்சு, ஊதா நிறங்களில் வளைந்த பட்டைகள். தொட்டால் கிரீச்சென்று ஒரு ஓசை. கோடுகள் நெளிகின்றன, எண்கள் ஓடுகின்றன. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை அறுத்து, மூடி வைத்த உறையும் செய்திருந்தான். "இது ட்ரைகார்டர் தாத்தா. விண்வெளிக் கப்பல் கதையில வர்றது. எதைக் காட்டினாலும் அளந்து சொல்லும்" என்றான்.

"படிக்கிற வேலையைப் பாருடா, இது என்ன வேஷம்?" என்று வாய் வரை வந்துவிட்டது. அதே வார்த்தையை வேறொரு பையனிடம் நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் இருவரும் கொடைக்கானல் பஸ் ஏறினோம். ஜன்னலோர இருக்கை. "தாத்தா, காற்றழுத்தம் பாருங்க" என்று நீட்டினான். ஊரில் 970க்கு மேல் காட்டிய எண், காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் இறங்க ஆரம்பித்தது. டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஒவ்வொரு இடத்திலும் குறைகிறது. எனக்குக் காது அடைக்கிறது, அங்கே எண் குறைகிறது. கொடைக்கானல் பஸ் நிலையத்தில் 790 பக்கம் வந்து நின்றது. சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு ஏறியிருக்கிறோம். மேலே போகப் போக நம் தலைக்கு மேலிருக்கும் காற்று குறையும், அதனால் அழுத்தம் குறையும். இதை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த எண் பொய் வேலை அல்ல. சில போன்களுக்குள் காற்றழுத்தமானிச் சில்லு இருக்கிறது. மெல்லிய தகடு ஒன்று அழுத்தத்தில் வளைவதை அது அளக்கிறது. திசைகாட்டிக்காகக் காந்தமானி இருக்கிறது. போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதற்கு முடுக்கமானி. வெளிச்சத்தை அளக்க ஒன்று, ஒலிக்கு மைக். கடையில் வாங்கும்போது இவையெல்லாம் உள்ளேயே ஒளிந்திருக்கும், யாரும் நமக்குச் சொல்வதில்லை. பேரன் போட்ட வேஷம்தான் அவற்றை வெளியே கொண்டுவந்தது. அன்றிரவு உட்கார்ந்து, இந்த வேஷத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கையளவு கருவியில் பேசும் கனவு பழையது. 1946 ஜனவரியில் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரக்கதையில் டிக் ட்ரேசி என்ற துப்பறிவாளர் கைக்கடிகாரத்தில் பேசத் தொடங்கினார். 1962ல் இங்கிலாந்தில் வேலியண்ட் இதழில் ஓர் இரும்புக்கை மனிதன் வந்தான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும், கை மட்டும் தெரியும். அந்தக் கைக்குள்ளேயே வயர்லெஸ் உண்டு. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவனை 'இரும்புக்கை மாயாவி' ஆக்கித் தமிழ் பேச வைத்தது. உங்களில் பாதிப் பேர் புத்தகத்துக்கு நடுவில் வைத்துப் படித்தது அதைத்தான். எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? மாயாவியை நம்பி எவனாவது பிளக் பாயிண்டில் விரலை விட்டுவிடுவானோ என்று அறிவியல் வாத்தியாராக நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

பேரன் சொன்ன விண்வெளிக் கதை, 1966ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஸ்டார் ட்ரெக். அதில் மூடியைத் திறந்து பேசும் கருவியையும், தோளில் தொங்கும் ட்ரைகார்டரையும் செய்து கொடுத்தவர் வா சாங் என்ற சீன அமெரிக்கக் கலைஞர். அந்தத் தொடருக்குப் பெரிய பணம் கிடையாது. ஒரு காட்சிக்காக விதவிதமாக உப்புக் குடுவைகள் வாங்கினார்களாம். அவை பார்க்க உப்புக் குடுவை மாதிரியே இல்லை என்று ஒதுக்கிவிட்டு, அவற்றையே கப்பல் டாக்டரின் மருத்துவக் கருவிகளாக்கிவிட்டார்கள். உப்புக் குடுவை டாக்டர் கருவி ஆனது! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் கையடக்கச் செல்போனில் முதல் அழைப்பைச் செய்தார். பேசியது போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் பொறியாளரிடம்! கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் மேல். ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்துத்தான் செல்போன் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கூப்பரோ பிற்காலத்தில், தன் மனதில் இருந்தது டிக் ட்ரேசியின் கடிகாரம்தான் என்று சொன்னார். கதை எதுவானாலும், கதை முன்னால் போனது, கருவி பின்னால் வந்தது. 1996ல் மோட்டோரோலா மடக்கும் போனை விற்றபோது அதற்கு வைத்த பெயர் ஸ்டார்டாக்.

பேரன் போனில் இருந்த ஆரஞ்சுப் பட்டைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1987ல் ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடர் வந்தபோது, கப்பலின் பலகைகளை வடிவமைத்தவர் மைக்கேல் ஒகுடா. நூற்றுக்கணக்கில் பொத்தானும் விளக்கும் வைக்கக் காசு இல்லை. வழவழப்பான கண்ணாடித் தகட்டில் வண்ணத் தாள்களை ஒட்டி, பின்னால் விளக்கு வைத்தார். பொத்தானே இல்லாமல் தொட்டு இயக்கும் பலகை என்று நாம் பார்த்தது சிக்கனத்தில் பிறந்த வடிவம். இன்று நம் சட்டைப் பையில் இருப்பதும் பொத்தான் இல்லாத கண்ணாடித் தகடுதான்.

நம் பக்கம் வாருங்கள். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. அதற்குச் சில வருஷம் முன்புவரை, வெளியூரில் இருக்கும் சொந்தத்திடம் ஒரு நல்லது கெட்டது சொல்ல டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்தவர்கள் நாம்.

2008ல் ஆண்ட்ராய்டு போன் வந்தபின், முகப்புத் திரையையே நம் இஷ்டத்துக்கு மாற்ற வழி பிறந்தது. போனின் உணர்விகளை வைத்து ட்ரைகார்டர் போலவே ஒருவர் ஒரு செயலி செய்தார். கதையின் உரிமையாளர்கள் ஆட்சேபித்ததால் 2011ல் அது கூகுள் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. 2012ல் உண்மையான மருத்துவ ட்ரைகார்டருக்கு ஒரு கோடி டாலர் பரிசுப் போட்டி அறிவித்தார்கள். 2017ல் முடிவு வந்தபோது எல்லா நிபந்தனைகளையும் யாராலும் எட்ட முடியவில்லை. முதலிடம் பெற்றது ஓர் அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய உடன்பிறந்தவர்களும் வீட்டில் வைத்து உருவாக்கிய கருவி. அவர்களுக்குச் சுமார் 26 லட்சம் டாலர் கிடைத்தது. ஆகவே சொந்தங்களே, போனுக்கு டாக்டர் வேஷம் போட்டால் அது டாக்டர் ஆகிவிடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

இனி அந்த மன்னிப்பு.

1987 வாக்கில். எட்டாம் வகுப்பு. ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆசிரியர் அறையிலேயே கைமாறிக்கொண்டிருந்த காலம். ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுவதை நாங்கள் ரசித்துப் படித்தோம். அதே கனவு ஒரு மாணவன் கையில் வந்தபோது எனக்கு ரசிக்கத் தெரியவில்லை.

கடைசி பெஞ்சுப் பையன். கையில் நீல நிற சோப்பு டப்பா. மூடியில் உடைந்த குடைக் கம்பி, ஏரியலாம். ஓரத்தில் டார்ச் பல்பு. மூடியைத் திறந்தால் பல்பு எரிகிறது, மூடினால் அணைகிறது. பிடுங்கி "என்னடா இது?" என்றேன். "வயர்லெஸ் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. "படிக்கிற வேலையைப் பாருடா, இது என்ன வேஷம்?" என்று தரையில் வீசினேன். பல்பு உடைந்தது. ஒரு செல்லும் ரெண்டு கம்பியும் உருண்டு மேஜைக்கு அடியில் போயின. அவன் அழவில்லை. குனிந்து பொறுக்கிக்கொண்டான்.

அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் மின்சுற்று. கரும்பலகையில் செல், சாவி, பல்பு என்று படம் போட்டிருந்தேன். அந்தப் பையன் அதே சுற்றைச் செய்து, மூடியையே சாவியாக்கிக் கையில் வைத்திருந்தான். என் பாடத்தை அந்த வகுப்பில் முழுதாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். சுற்றைப் பார்க்கத் தெரியாமல் சோப்பு டப்பாவை மட்டும் பார்த்தேன். ஹாலிவுட்டில் உப்புக் குடுவையை எடுத்தவர்களைக் கலைஞர்கள் என்கிறோம். வத்தலக்குண்டில் சோப்பு டப்பாவை எடுத்தவனை நான் பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைத்தேன்.

பிள்ளைகள் ஒரு பொருளுக்கு வேஷம் போடும்போது, "இது இப்படியும் இருக்கலாமே?" என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். அதற்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டதை உடைக்காமல் இருந்தால் போதும். ஆசிரியராகவும் பெற்றோராகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அந்த டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே சுற்று இருக்கலாம்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். இதைப் படித்தால் உனக்கே தெரியும். அன்றைக்குத் தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. பேரன் போனை உனக்குக் காட்ட வேண்டும். டார்ச் பல்பும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
வத்தலக்குண்டு.