கீழ்ப்பாக்கம் எத்தனை தூரம்?

ஓர் ஊரின் பெயர் வசைச்சொல்லாக மாறும்போது அதற்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கும். தமிழ்நாடெங்கும் அப்படி மாறிய பெயர் கீழ்ப்பாக்கம். கோவையிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த இடத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராதவர்கள்கூட, பிடிக்காதவனைக் கேலியாக அங்கே அனுப்பி வைத்தார்கள். வசை இத்தனை எளிதாகக் கடந்த தூரத்தை நோயாளி கடக்க முடிந்ததா என்பதுதான் கொங்கு நாட்டின் மனநல வரலாற்றில் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் இல்லத்தை 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் ஆங்கில மருத்துவர் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்தில் மருத்துவமனை அமைந்தது 1871-இல். அதற்கு அடுத்த ஆண்டு, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், கோழிக்கோட்டுக் குதிரவட்டத்தில் இன்னொன்று எழுந்தது. 1862-லேயே போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை இருப்புப்பாதை போடப்பட்டிருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கோவைக்குக் கீழ்ப்பாக்கத்தைவிடக் குதிரவட்டமே வெகு அருகில். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது. மலை நகரவில்லை, எல்லை நகர்ந்தது. கொங்குக் குடும்பத்துக்குத் தன் மாநிலத்தின் மனநல மருத்துவமனை என்பது கிழக்குக் கடற்கரையின் கோடிக்கு விலகிப் போயிற்று.

தூரம் மட்டுமல்ல, சட்டமும் தடையாக நின்றது. 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநோயாளியைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் ஆணை தேவைப்பட்டது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் நீதிமன்றப் படியேற வேண்டும் என்றால் எந்தக் குடும்பம்தான் தயங்காது? ஆகவே மக்கள் கோயில்களையும் தர்காக்களையும் நாடினர். இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

பெயரிலேயே கொங்குச் சாயல் கொண்ட வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில், 2000-ஆம் ஆண்டு தங்கியிருந்த 31 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். அங்கே தனிச் சடங்குகளோ கட்டணமோ இல்லை. காலையில் சிறு பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள், அவ்வளவுதான். நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்கினார். சராசரியாக ஆறு வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆனால் அச்சமின்மை, அன்றாட வேலை, அருகில் ஓர் உறவு ஆகியவையும் சிகிச்சையின் உறுப்புகளே என்பதை இது உணர்த்துகிறது.

அந்த உறவு விலகினால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்டு 6 விடியலில் ஏர்வாடியில் தனியார் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நம்பிக்கை அவர்களைக் கொல்லவில்லை. உறவினர் விட்டுச்சென்ற இடத்தைச் சங்கிலி நிரப்பியிருந்தது.

உறவினரை உடன் வைத்துக்கொள்வதை மருத்துவமும் அறியாததல்ல. 1950-களில் அமிர்தசரஸில் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் குடும்பத்தோடு சேர்த்தே சிகிச்சை அளித்தது. ஆனால் வேலூரும் கோவைக்குத் தொலைவுதான்.

1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் செய்து பார்த்த முறையைப் பின்பற்றி, 1996-97-இல் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கிப் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்று மனநலப் பிரிவு இயங்குகிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை பெறலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடைசெய்கிறது. அதன் 18-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: மனநோயாளி எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் செல்லவேண்டிய நிலை இருக்கலாகாது. தூரம் ஓர் அநீதி என்று சட்டம் ஒப்புக்கொள்வதற்குக் கீழ்ப்பாக்கத்தில் மருத்துவமனை அமைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது. மாத்திரை இன்று மாவட்டத் தலைநகர் வரை வந்துவிட்டது. அந்தக் கோயில் திண்ணையில் இருந்த துணையையும் அதனோடு கொண்டுவந்து சேர்த்தால்தான், கீழ்ப்பாக்கம் வசையாக இருந்த காலம் முடிந்தது என்று நாம் சொல்லமுடியும்.